கேட்கும் தொகை: பூஜ்யம்

விண்ணப்பத் தாளின் ஆறாவது கட்டம், கேட்கும் தொகை.
எர்மீனியா சரய்வா அதில் பூஜ்யம் என்று எழுதியிருந்தாள்.
அடித்தல் திருத்தல் இல்லை.
புள்ளிக்குப் பின்னும் இரண்டு பூஜ்யம்.

பத்தொன்பது வருடமாக நான் இங்கே செயலாளர்.
தீயணைப்பு நிலையத்து ஆம்புலன்ஸ் நாங்கள் கொடுத்தது.
ஊர் வாத்தியக் குழுவின் ஒன்பது கிளாரினெட்,
பள்ளிக்கூடத்து வெந்நீர்க் கொதிகலன்,
எஷ்ட்ரெலா மலையின் கடைசி மூன்று வீடுகளுக்குப் போகும்
செவ்வாய்க்கிழமை வேன்.
நீச்சல் குளமும் நாங்கள்தான்.
ஆறு ஓடும் ஊருக்குக் குளம் எதற்கு என்று
திறப்பு விழாவில் ஒருவரும் கேட்கவில்லை.
கிந்தேலா குடும்பத்தின் கம்பளி ஆலை
அந்த வாரம் எந்தச் சாயம் காய்ச்சியதோ
அந்த வாரம் ஆற்றுக்கு அந்த நிறம்.

அவள் கேட்டது ஒரு நோட்டு.
அறுபத்தொன்றாம் வருடத்துச் சாயப் பதிவேடு.
காரணம், ஏழாவது கட்டத்தில், நெருக்கி நெருக்கி:

'நீ பிறந்த அன்று ஆறு பச்சையாக ஓடியது,
மருத்துவச்சி கை கழுவக்
கிணற்றுக்கு ஆள் போக வேண்டியிருந்தது
என்பாள் அம்மா.
சான்றிதழில் இருப்பது ஏப்ரல் முப்பது.
அது பொய். அப்பா தாமதமாகப் போய்ப் பதிந்தார்.
அபராதத்துக்குப் பயந்து தேதியை நகர்த்திவிட்டார்.
எனக்கு என் நாள் வேண்டும்.'

கூட்டத்தில் ஐந்து பேர். மேசையில் பாதாம் கேக்.
வக்கீல் அபீலியு கண்ணாடியைக் கழற்றினார்:
'பணம் கேட்டால் கொடுத்துவிடலாம்.
நோட்டு அப்படியில்லை, பேசும்.
இன்று இவள் பிறந்தநாளைக் கேட்பாள்,
நாளை ஒருவன் தன் அப்பாவின் ஈரலைக் கேட்பான்.'
பிறகு, இரக்கத்தோடுதான்,
'சக்கர நாற்காலி ஒன்று கொடுப்போமா?'
'நடந்துதான் வந்தாள், டாக்டர்' என்றேன்.

பூஜ்யத்துக்கு எப்படி வாக்கெடுப்பது என்று
விதிப்புத்தகத்தில் இல்லை.
தாத்தா எழுதிய முதல் விதி மட்டும் சுவரில் சட்டம் போட்டு:
இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது
இந்தப் பள்ளத்தாக்குக்கே.
லியொனோர் கிந்தேலா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.
கேக் துணுக்குகளை விரலால் ஒதுக்கி
நிலவறைச் சாவியை என் பக்கம் தள்ளினாள்.
நடவடிக்கைக் குறிப்பில் நான் எழுதியது:
மூன்றாம் பொருள், பேசப்பட்டது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டிருக்கிறார்கள்.
தேதி, நிறம், எத்தனை கிலோ,
மதகு திறந்த மணி.
எழுதியவர் யாரோ,
ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவர்.

வியாழக்கிழமை வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.
மார்ச்சிலிருந்து தொடங்கினோம்.
ஒரு பச்சை.
அவள் மூச்சு நின்று வந்தது.
மறுநாளும் பச்சை.
அதற்கு மறுநாளும்.
பக்கத்தைப் புரட்டினேன். பச்சை, பச்சை, பச்சை.
ஓரத்தில் சின்ன எழுத்தில்: ராணுவத் துணி, அவசரம்.
அங்கோலாவில் போர் தொடங்கிய வசந்தம் அது.
எங்கள் ஆறு இரண்டு மாதம்
சிப்பாய்களின் சட்டை நிறத்தில் ஓடியிருக்கிறது.

'என் அண்ணன் அந்தச் சட்டையில்தான் போனான்' என்றாள்,
தேதி சொல்வதுபோல.
போனவன் வந்தானா என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்தொன்று பச்சை நாட்கள். இரண்டு முறை எண்ணினோம்.
நகல் வேண்டுமா என்றேன். வேண்டாமாம்.
பெற்றுக்கொண்ட தொகை, பூஜ்யம், கையெழுத்திட்டாள்.
எழுந்தவள் மறுபடி உட்கார்ந்து
விரலை வரிசையாகக் கீழே இறக்கினாள்.
ஆறு பச்சைக்கு ஒருமுறை
ஒரு வெற்றுக் கோடு.

'இது?'
'ஞாயிறு. ஆலை விடுமுறை. தண்ணீர் தெளிந்திருக்கும்.'

கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள்.
'சரி,' என்றாள், கைப்பையை மூடியபடி.
'ஞாயிற்றுக்கிழமை இல்லை.'