எட்டாம் நாள் குழாய்

எட்டு நாளைக்கு ஒருமுறை
எங்கள் தெருக்குழாயில் வெள்ளம் வரும்.
வெள்ளம் என்றால் இங்கே குடிதண்ணீர்தான்.
மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த போஸ்ட்மாஸ்டர்
முதல் வாரம் "வெள்ளம் வந்துட்டு" என்ற சத்தம் கேட்டு
கேஷ் பெட்டியோடு மாடிக்கு ஓடப் பார்த்தார்.

நான் கொல்லங்கோட்டுக்காரி.
அங்கே கம்பை ஒடித்துக் குத்தினாலும் வேர் பிடிக்கும்.
துணிதான் காயாது.
கல்யாணம் முடிந்து ஆரல்வாய்மொழிக்கு
ஆந்தூரியம் ஏழு தொட்டி, பெரணி நாலு
டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.
ஆனியில் கணவாய் வாயைத் திறந்தது.
ஆடி பாதியில் பதினோரு தொட்டியும் காலி.
கடைசிப் பெரணியை அப்பளம்போல் நொறுக்கிக்
குப்பையில் போட்டபோது
ரசல் ஒன்றும் சொல்லவில்லை.
காற்றாலையில் வேலை அவருக்கு.
காற்றைக் குறை சொன்னால்
சம்பளத்தைக் குறை சொன்ன மாதிரி.

பிறகு வந்ததெல்லாம் தானாக வந்தது.
முப்பந்தல் வேலியில் முறித்த பிரண்டை,
பக்கத்து வீட்டு டெல்பின் தூக்கி எறிந்த கற்றாழைக் குட்டி,
ஆஸ்பத்திரி மதிலோரம் கிள்ளிய ரணகள்ளி இலை ஒன்று.
அதைப் பையில் போட்டு மறந்துவிட்டேன்.
மூன்று வாரம் கழித்து
பாஸ்புக்குகளுக்கு நடுவே, மண் இல்லாமல், சொட்டு நீர் இல்லாமல்,
விளிம்பு முழுக்கக் குட்டிகளோடு கிடந்தது.
எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

குவாரிப் பொடி இரண்டு பங்கு, செம்மண் ஒன்று,
சாணம் பேருக்கு.
அரிசி களைந்த தண்ணீர் கிழமைக்கு ஒரு தடவை,
அதுவும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டு.
ஒன்பது நாள் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பினால்
கற்றாழை கூழாகிக் கிடக்கிறது.
"தினமும் ஒரு செம்பு ஊத்தினேன், கேட்டியா"
என்றார் ரசல், அவ்வளவு பெருமையாக.
திட்ட மனசு வரவில்லை.
அவர் குளிக்கிற வாளியில் இருந்து எடுத்து ஊற்றியிருக்கிறார்.

மழை லில்லிக் கிழங்கு
தோவாளைப் பூச்சந்தையில் கிடைத்தது.
சம்பங்கி மூட்டை இறக்கிய சாக்கின் அடியில்
உள்ளியைப்போல ஒரு கை அளவு.
ரசல் ஆம்லெட்டுக்கு ஒன்றை உரித்தே விட்டார்.
கண் எரியவில்லையே என்று சந்தேகப்பட்டு வைத்ததால்
நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

மாசியில் நட்டேன்.
பங்குனியில் நாலு இலை, புல்மாதிரி. சித்திரையில் அதுவும் இல்லை.
தொட்டியைத் தொட்டிக்குப் பின்னால் தள்ளி,
அதாவது பூத்தொட்டியைத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால்,
மேலே மாப் வாளியைக் கவிழ்த்தேன்.
தாடகை மலையில் மேகம் வரும், பார்க்கும், போகும்.
அரை வருஷம் அப்படிப் போனது.

தபாலாபீஸ்காரி என்பதால்
கிழங்கைச் சேமிப்புக் கணக்கு என்று எழுதத் தோன்றுகிறது.
அது பொய். சேமிப்பில் ஒரு நல்ல எண்ணம் உண்டு.
இது கஞ்சத்தனம்.
யாரையும் நம்பாத, கதவைச் சாத்திக்கொண்டு
உள்ளே எண்ணி எண்ணிப் பார்க்கிற கஞ்சத்தனம்.
எனக்கு அதுதான் பிடித்தது.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் ராத்திரி இடி.
ஓடு உடைகிற மழை, ஒரு மணி நேரம்.
வாளி எப்போது உருண்டதென்று தெரியாது.
மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் போனால்
இளஞ்சிவப்பில் பதினாலு.
ஒன்றை எறும்பு தின்றிருந்தது.
இலையே இல்லை, வெறும் தண்டும் பூவும்,
காற்று அடிக்க அடிக்கக் குனிந்து
உடனே நிமிர்ந்து.

அன்றைக்கு எட்டாம் நாள் என்பது
"தபாலக்கா, வெள்ளம் போவுது!" என்று
டெல்பின் மதிலைத் தட்டியபோதுதான் உறைத்தது.
ஓடினேன். வாயில் பற்பசை.
இரண்டு குடம் குறைந்தது.

சாயங்காலம் ரசல் குடங்களை எண்ணினார்.
"ரெண்டு எங்க?"
பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன்.
அவர் போவதற்குள் பாதிப் பூ கூம்பியிருந்தது.
"இதுக்கா?" என்றார்.
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு அந்த மாப் வாளியை எடுத்து
வேறு பக்கம் வைத்தார்.