நூற்றில் பதினைந்து

என்ஜின் முழுக்க ஆறாமல் தொடக்கூடாது.
அதனால் இரவெல்லாம் வால்வு மூடி திறந்தே கிடந்தது,
மேலே என் பழைய போர்வை.
ஸெஸ்தாபோனியில் பனி.
மாங்கனீசு உலையின் புகை கலந்து
விழும்போதே அழுக்காக விழுகிற பனி.

விடிந்ததும் கையுறையைக் கழற்றினேன்.
மில்லிமீட்டரை நூறாக்கி அதில் பதினைந்து:
அந்தத் தகடு
வெறும் விரலோடுதான் பேசும்.

மோட்டார் ருஸ்தாவிச் சந்தையில் வாங்கியது.
யாருடைய கல்யாணத்துக்கோ ஓடிய லாடா.
விசிறிக்குப் பின்னால் சிவப்பு ரிப்பன்
மூன்று சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது.
அறுக்க மனம் வரவில்லை என்றெல்லாம் இல்லை,
கத்தி எட்டவில்லை.

பழைய மோட்டாரைக் கொன்றது நான்தான்.
அதன் டிக் டிக் பிடிக்காமல்
டேப்பட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன்,
தூங்குகிறவர் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி.
அப்பா, என்ன அமைதி!
பதினோரு நாள் அந்த அமைதியை ஓட்டினேன்.
ஓனிக்கு ஏறுகிற வளைவில்
நாற்பது கிலோ சுல்குனிப் பாலாடைக்கட்டியோடு
மூன்றாம் சிலிண்டர் போய்விட்டது.
ஒரு முனகல்கூட இல்லை.
பிரித்துப் பார்த்தால்
எலி கடித்த ரொட்டிபோல
வால்வின் விளிம்பில் ஒரு வாய் காணோம்.
இருக்கையில் அமர்ந்து சூட்டை இறக்கிவைக்க
நொடியில் ஒரு துளி வேண்டும் அதற்கு.
அந்தத் துளியைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

டார்ச் பிடித்திருப்பவன் அவ்தாந்தில்.
என் தங்கையின் முன்னாள் கணவன்.
மோட்டாருக்குப் பாதிப் பணம் தந்தான், யாரும் கேட்காமல்.
ஏன் என்று நானும் கேட்கவில்லை.

எட்டும் ஆறும்.
தகடு வழுக்கிக்கொண்டு போனால் தளர்வு,
முட்டி நின்றால் இறுக்கம்.
ஈரக் கூந்தலில் சீப்பு இறங்குகிற மாதிரி
போகவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்.
பதின்மூன்றாம் ஸ்பானர் போல்ட்டைப் பிடிக்க
பதினேழு லாக் நட்டை முறுக்கும்.
சரியாக இருந்தது. முறுக்கினேன். சரியாக இல்லை.
சரியாக இருந்தது.
முறுக்கினேன்.
அட சனியனே.

அரைச் சுற்று கிராங்க். நாலும் ஏழும்.
அரைச் சுற்று. ஒன்றும் மூன்றும்.
கேம் ஷாஃப்டின் முட்டைமூக்கு
ஒவ்வொன்றாய் முகம் திருப்பிக்கொள்கிறது.
"நாங்கள் பிரிந்தபோது," என்றான் அவன்,
"சண்டையே இல்லை, தெரியுமா?
பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்பவே இல்லை."
"டார்ச்சை இந்தப் பக்கம்," என்றேன்.
திருப்பினான். கொஞ்சம் நடுங்கியது வெளிச்சம்,
குளிராகவும் இருக்கலாம்.

கடைசியாக ஐந்தும் இரண்டும்.
ஐந்து, மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட்.
செத்தது உட்கார்ந்திருந்த அதே இடம்.
இங்கே என் விரல் தானாகவே தளர்த்தியது.
பதினைந்தின் தகடு காற்றில் போவதுபோல் போனது.
அவன் குனிந்து பார்த்தான்.
"பயத்துக்கு எவ்வளவு கூட்டினாய்?"
"மூன்று."
"எடு அதை."

எடுத்தேன்.

சாவி திருப்பியதும் ஒரு தும்மல், ஒரு கரும்புகை,
பிறகு பிடித்துக்கொண்டது.
டிக் டிக் டிக் டிக்
மூன்றாம் மாடியில் லாமாரா ஜன்னலைத் திறந்தாள்:
"ட்ஸியாலா, இது காரா, தையல் மெஷினா?"
"கார்தான்," என்று கத்தினேன், "உயிரோடு இருக்கிறது."
"இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை!" என்று சாத்திக்கொண்டாள்.

ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து
எல்லாவற்றையும் மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.
அவனிடம் சொன்னேன். வருகிறேன் என்றான்,
எந்தக் கிழமை என்று இருவரும் பேசவில்லை.

கருவிகளைத் துடைத்துக் கட்டும்போது
விரித்திருந்த செய்தித்தாள் மேல்
ஒரு வாஷர் மிச்சம்.
அவன் என்னைப் பார்த்தான், நான் அவனை.
என்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.