ஆறாவது ரோடு

பி.காம். மூன்று வருஷத்து ஒரிஜினல்களும்
ஹெச்.ஆர். அறையின் இரும்பு பீரோவில் இருக்கின்றன.
சாதிச் சான்றிதழும் அங்கேதான்.
பதினோரு மாதம் கழித்துத் தருவார்களாம்.
அதுவரை நான் ஒரு ஜெராக்ஸ்.

பேரும் மாறிவிட்டது.
"காவேரின்னு சொல்லாத, எவனாச்சும் தேடி வந்துருவான்"
என்று டீம் லீடர் திலகவதி அக்கா
பட்டியலில் தேடி ஒன்றை எடுத்துத் தந்தார்:
நிவேதா.
போன மாதம் நின்றுவிட்ட பெண்ணின் பேர் அது.
ஹெட்செட் பஞ்சில்
அவள் பவுடர் வாசனை இன்னும் போகவில்லை.

ஐந்து ரோடு என்கிறார்கள்.
வந்த அன்று நின்று எண்ணிப் பார்த்தேன்.
ஜவுளிக்கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவே
ஆறாவதாக ஒரு படிக்கட்டு.
அதில்தான் தினமும் ஏறுகிறேன்.

சம்பளம் பன்னிரண்டாயிரத்து ஐநூறு.
ஸ்வர்ணபுரி ஹாஸ்டலுக்கு அதில் ஐந்தரை,
மேல் கட்டில்.
உட்கார்ந்தால் ஃபேன் தலையைத் தொடும் என்பதால்
படுத்தபடியே பின்னல் போடக் கற்றுக்கொண்டேன்.
ஞாயிறு மட்டும் லீவு. நாகலூர் போய்வர
இருபது வளைவு மேலே, இருபது வளைவு கீழே,
துவைத்தது காய்வதற்குள் திங்கள்.

ஒரு நாளைக்கு நூற்றெண்பது அழைப்பு.
திட்டுகிறவர்கள்,
"அவரு செத்துட்டாருங்க" என்று
அவரே சொல்கிறவர்கள்.
எல்லாவற்றுக்கும் ஒரு கோட் நம்பர் உண்டு.
அழுதால் 'மற்றவை'யில் போட வேண்டும்.

நேற்று ஆறே முக்கால்.
கீழே தட்டுவடை செட் தின்றுவிட்டு வந்த விரலால்
ஏழாம் எண் பொத்தானில் பீட்ரூட் சிவப்பு.
திரை தானாக அடுத்ததைச் சுழற்றியது:
தீர்த்தகிரி மா.
பைக் லோன், மூன்று தவணை பாக்கி.

மா என்றால் மாரிமுத்து. தெரியும் எனக்கு.
மாதிரித் தேர்வில் பின்னால் உட்கார்ந்து
என் பேனாவைக் கடன் வாங்கியவன்.
அதையும் இன்னும் திருப்பவில்லை.

"வணக்கம் சார், நிவேதா பேசுறேன்.
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
அதன் பின்னால் ஒரு கண்டக்டர்,
ஓமலூர் மேச்சேரி மேட்டூர்
ஓமலூர் மேச்சேரி மேட்டூர்.
புது பஸ் ஸ்டாண்டு. நடந்தால் கால் மணி நேரம்.

"சொல்லுங்க மேடம்."

சொன்னேன். அபராதம், வட்டி, சிபில்.
"வேலைல சேந்து பதினாறு நாளுதாங்க ஆச்சு,
அஞ்சாந் தேதி கட்டிர்றேன்."
எங்கே சேர்ந்தாய் என்று கேட்க
ஸ்கிரிப்டில் வரி இல்லை.
ஐந்து என்றான். நான் ஒன்பது என்று பதிந்தேன்.

வைக்கப் போகும்போது,
"மேடம்... மேல மழையாங்க?"

திலகவதி அக்காவின் நாற்காலி திரும்பியது.
ஏசி பெட்டிக்கும் விளம்பரப் பலகைக்கும் இடையே
நாலு விரல் அகலத்துக்கு மலை தெரியும்.
அப்போது அதற்குத் தலை இல்லை.

"பதினெட்டாவது வளைவுக்கு மேல மட்டும், சார்."

சிரித்தானா,
எதிரே ஏதோ பஸ் காற்றை விட்டு நின்றதா,
தெரியவில்லை. பதிவில் இருக்கும்.
அதற்குள் அடுத்த எண்
அடிக்கத் தொடங்கியிருந்தது.