எச்சம், மாதிரி 14

கஜந்தினி கொழும்புக்குக் கொண்டுபோனது
ஒரு சின்னப் போத்தல்.
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் ரொலுயீன்,
ரொலுயீனுக்குள் பந்துகள்.
அறுபது காபன் அணு, ஒரு பந்து.
பொதிந்து கொடுத்தது நான்:
பஞ்சு, பொலித்தீன்,
மேலே சிவப்பு மையில் "கவனம்".

வடிதாளில் மிஞ்சியதை என்ன செய்ய என்று கேட்டேன்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
"எறிஞ்சு விடுங்கோ அக்கா."

நூறு கிராம் புகைக்கரியில்
பந்து ஏழு கிராம்.
மிச்சம் தொண்ணூற்று மூன்றுக்கு
களஞ்சியப் பதிவேட்டில் ஒரு நிரல்கூட இல்லை.
இத்தனைக்கும் அது போகலச் சுரங்கத்துக் காரீயம்.
கோல்களாகக் கடைந்து
ஈலியத்துக்குள் நுனியோடு நுனி வைத்து
மின்வில் மூட்டிய பிற்பகலில்
பீடத்தின் பாதி இருண்டது.
பதிவாளர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார்.

எறியப் போனேன்தான்.
கழிவுத் தொட்டிவரை போனேன்.
கையுறையை விட்டு அது இறங்க மறுத்தது.
உதறினால் எழும்பி முழங்கையில் குந்தியது.
ஒரு பால்மா ரின்னில் போட்டு மூடி
"எச்சம், மாதிரி 14" என்று எழுதி
தராசுக்குப் பின்னால் வைத்தேன்.

பிறகு, ஆளில்லாத பின்னேரங்களில்,
மல்ற்றிமீற்றரால் தொட்டேன்: மின்னைக் கடத்தியது.
காற்றில் சூடாக்கினேன்: சுவாலை இல்லை,
விளிம்பிலிருந்து சிவந்து தன்னைத் தானே தின்றது.
தண்ணீரில் தூவினேன்: நனையாமல் மிதந்தது.
அதன்மேல் மண்ணெண்ணெய் ஒரு துளி.
குடித்துவிட்டது.

பேராதனையிலிருந்து நுணுக்குக்காட்டிப் படம் வந்தது.
உருண்டை என்று ஒன்றும் இல்லை.
மூடத் தொடங்கி மூடாத வளைவுகள்,
ஐங்கோணம் விழவேண்டிய இடத்தில் ஏழுகோணம்,
பாதி இழைத்த கடகத்தின் ஓலைபோல
விளிம்பெல்லாம் நீட்டிக்கொண்டு.
நீட்டிக்கொண்டிருப்பது எதையாவது பிடிக்கும்.
நான் படித்த இரசாயனம் அவ்வளவுதான்.

மிச்சம், எரிந்தது, கறுப்பு என்றதும்
இந்த ஊரில் உங்களுக்கு வேறொன்று நினைவு வரும்.
எனக்கும் வரும்.
இது கரி.
கரியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

உரும்பிராயில் இதயராசாவின் கிணறு டீசல் மணத்தது.
பக்கத்து ஜெனரேற்றர் கொட்டிலில்
எப்போதோ கசிந்த பரல்.
தண்ணீர்ப்பம்பி திருத்துகிற மனிதர்,
சோடாப் போத்தலில் கிணற்றைக் கொண்டு வந்து
மேசையில் வைத்தார்.
மணல், சிரட்டைக்கரி, மணல்.
நடுவில் இரண்டு கரண்டி எச்சம்.
மறுபக்கம் விழுந்த தண்ணீரை அவர் மணந்தார்.
நான் மணந்தேன்.
வாசலில் நின்ற காவலாளியையும் கூப்பிட்டு மணக்கவிட்டோம்.

தேத்தண்ணி போடாதேங்கோ என்றேன்.
இவ்வளவு நுண்ணிய துகள் வடியைத் தப்பினால்
நெஞ்சில் எங்கே போய்த் தங்கும் என்று
எனக்குத் தெரியாது.
தெரிந்தவர்களும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.
வெண்டிக்கன்றுக்கு ஊற்றினார்.

ஒன்பதாம் நாள் போன் எடுத்தார்.
"தங்கச்சி, மணம் வந்திட்டுது."

நிரம்பிவிட்டது.
காற்றில்லாமல் சுட்டால் மறுபடி பசிக்கும்;
எத்தனை தரம் என்பதை இனித்தான் பார்க்கவேண்டும்.
அதற்குள், ஒரு சிட்டிகை கிறீசில் குழைத்து
மையநீக்கியின் பேரிங்கில் அப்பியிருந்தேன்.
நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கத்திய பேரிங்.

கஜந்தினி சான்றிதழோடு திரும்பி வந்தாள்.
போத்தல் காலி:
ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்களாம்.
படத்தைப் பார்த்தாள்,
ஒன்பது நாள் வரைபைப் பார்த்தாள்,
நெடுநேரம் பேசவில்லை.
"எவ்வளவு மிச்சம் இருக்கு அக்கா?"

ரின்னைக் குலுக்கிக் காட்டினேன்.
சத்தமே வராது, அவ்வளவு இலேசு.
பதிவேட்டில் அடிமட்டம் வைத்து
ஒரு நிரல் கீறியிருக்கிறேன்.
தலைப்பு இன்னும் போடவில்லை.
"கழிவு" என்று எழுதப் போன பேனையை
அவள் பிடித்துக்கொண்டாள்.
பின்னால் மையநீக்கி சுற்றிக்கொண்டிருந்தது,
சுற்றுகிறதா என்று
எழும்பிப் போய்ப் பார்க்கவேண்டியிருந்தது.