கம்பியில்லாத ஒரு முழம்

குளச்சல் காற்றுக்கு ரயில் பிடிக்காது.
மாடியறை ஜன்னலைச் சாத்தினாலும்
சாவித்துவாரம் வழியே உப்பு வந்து
தண்டவாளத்தை நக்கிவிட்டுப் போகும்.
காலையில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால்
மாலைக்குள் பழையபடி மங்கும்.

பாறசாலையில் கிளம்பும் என் நீல டீசல்
குழித்துறைப் பாலத்தில் ஒருமுறை விக்கும்.
இரணியலில், தடம் பிரியும் இடத்தில்,
பாதிச் சக்கரம் பிளாஸ்டிக் முனையில்
மீதிச் சக்கரம் உப்பில்
நின்றே போகும்.
விளக்கு அணையும்.
வயிற்றுக்குள் இருக்கும் டீகோடர்
தான் யார், எந்தப் பக்கம் போகிறோம்
எல்லாம் மறந்துவிடும்.
பின்னாலிருந்து நான்
ஆள்காட்டி விரலால் ஒரு தள்ளு.
விரலால் ரயில் தள்ளுகிறவன்
ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி வைத்துக்கொள்ள முடியாது.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
போன் பழுதுபார்க்கும் றெஜினாளிடம் கொண்டுபோனேன்.
"என்னவாக்கும் இதுக்குச் சீக்கு?"
"கரண்டு இல்லாத நேரம் ரெண்டு மூணு நொடி
உயிரோட இருக்கணும்."
"அவ்வளவுதானா" என்று
நகத்தால் மூடியைக் கழற்றினாள்.
உள்ளே இடமில்லை.
ஈய எடையை அரம்பத்தால் அறுத்தாள்.
அப்புறமும் போதாமல்
காபினில் ஒட்டியிருந்த ஓட்டுநரைப் பெயர்த்து
காலி டீ டம்ளருக்குள் நிறுத்தினாள்.

அண்டிப்பருப்பு அளவில் ஐந்து கபாசிட்டர்.
பள்ளியில் மின்தேக்கி என்று எழுதி
அரை மார்க் வாங்கியதோடு சரி;
இப்போதுதான் முகம் பார்க்கிறேன்.
முதல் ஐந்தில் நீலக் கம்பியும் கறுப்பும் இடம் மாறி
டப்.
பக்கத்து ஜூஸ் கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.
"அது கணக்கில சேராது" என்றாள்.
அடுத்த ஐந்துக்கு அவசரப்படவில்லை.
நூறு ஓம் தடை வழியே மெல்ல உள்ளே,
டயோடு வழியே சட்டென்று வெளியே.
கூட்டுறவு வங்கிக் கவுண்டரில்
பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன்;
சேமிப்பைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக
எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை.

அன்று ராத்திரி சோதனை.
லீபா கரண்டு பில்லை எடுத்துத்
தண்டவாளத்தின் குறுக்கே விரித்தாள்.
விளக்குகூடச் சிமிட்டாமல் அதன்மேல் ஏறிக் கடந்தது.
"நம்ம வீட்டில ஒருத்தராவது
பில்லைத் தாண்டினாங்களே" என்றாள்.
கையில் தூக்கினேன்:
வலையிலிருந்து எடுத்த நண்டுபோல்
உள்ளங்கைக்கு மேலே, காற்றில்,
ஓடிக்கொண்டே இருந்தது.

சொல்ல மறந்தது ஒன்று.
என் மேசை கன்னியாகுமரியில் முடிகிறது.
பிளாட்பாரம் இன்னும் கட்டவில்லை.
விளிம்புக்கு முன்னால் கடைசி ஒரு முழத்துக்கு
வேண்டுமென்றே கம்பி கொடுக்காமல் விட்டிருந்தேன்.
என் கவனம் தப்பினாலும்
எஞ்சின் அங்கே போய்த் தானாகச் சாகும்.
ஏழு வருடம்
அங்கே செத்துச் செத்துத்தான் பிழைத்தது.

நாகர்கோவில் தாண்டியபோது
கேஸ் புக் பண்ணியாச்சா என்று லீபா கேட்டாள்.
திரும்பிப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால்
அந்த ஒரு முழத்தின் நடுவே
விளக்கெரிய, நிதானமாக, நீலம்.
நிறுத்து பொத்தானை அழுத்தினேன்.
மறுபடி அழுத்தினேன்.
மூன்றாம் முறை விரல் வலித்தது.
கம்பியில்லாத இடத்துக்கு
கட்டளை எது வழியாகப் போகும்?
கடைசியாகக் காதில் விழுந்த சொல்
முன்னே.
அதையே செய்துகொண்டிருந்தது.

கீழே துவைக்கப் போட்ட துணிக்கூடை.
லீபாவின் துப்பட்டாவுக்குள் விழுந்து
இன்னும் ஒரு நொடி
நூலைச் சுற்றிக்கொண்டு ஓடி
நின்றது.
முன்பக்கக் கைப்பிடி ஒன்று வளைந்ததைத் தவிர
சேதமில்லை. துப்பட்டாவைப் பற்றி
நான் பேசுவதாக இல்லை.

இப்போது கன்னியாகுமரியில்
அரைக்கட்டி துணி சோப்பு குறுக்கே நிற்கிறது.
நூலை இடுக்கியால் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதுதான்
காலி காபின் கண்ணில் பட்டது.
றெஜினாளுக்குப் போன் செய்தேன்.
"இங்கதான் டம்ளரில நிக்காரு.
இன்னும் டீ கேக்கல்ல."