யாரைப் பார்க்க வேண்டும்

அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க
ஒரே கடையில்தான் நோட்டு வாங்குகிறார்கள் போல.
நீல அட்டை, நூலில் கட்டிய பேனா,
பேர், ஊர், நேரம், கையெழுத்து.
நடுவில் அந்தக் கட்டம்:
யாரைப் பார்க்க வேண்டும்.

முதல் கேட்டில் 'இன்டர்ன்ஷிப்' என்று எழுதினேன்.
அப்படி யாரும் இங்க இல்லம்மா, என்றார் செக்யூரிட்டி.
இரண்டாவதில் 'ஹெச்.ஆர்.'
அவங்க பெங்களூர்ல.
மூன்றாவதில் வெறுமனே விட்டேன்.
விடக்கூடாதாம். ஆடிட்டில் கேட்பார்களாம்.

பிளாஸ்டிக் ஃபைலில் போனஃபைடு.
'இவர் எங்கள் மாணவி, நன்னடத்தையுள்ளவர்,
பதினைந்து நாள் பயிற்சிக்கு அனுமதிக்க வேண்டுகிறோம்.'
வியாசர்பாடியில் எடுத்த பன்னிரண்டு ஜெராக்ஸ்.
பெறுநருக்குக் கீழே
பன்னிரண்டிலும் புள்ளிகள்.

மின்னஞ்சல் நாற்பத்தொன்று அனுப்பியிருந்தேன்.
பதில் இரண்டு.
ஒன்று இயந்திரம் போட்டது.
மற்றது, பயிற்சிக்கு நான் எவ்வளவு கட்டுவேன் என்று கேட்டது.

பரணீதரன் கட்டிவிட்டான். ஆயிரத்து எண்ணூறு.
போகாத கம்பெனியின் சான்றிதழ்
லேமினேஷனுக்குள் மின்னுகிறது.
'வெயில்ல ஏன் அலையற கிருபை?'
கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டான்.
அதுதான் தைத்தது.
அம்மாவிடம் கேட்டிருந்தால்
எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்திருப்பாள்.
அதனால் கேட்கவில்லை.

ஏழாவது கேட்.
பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி
லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்த தூரம்.
நோட்டில் எனக்கு மேல் வரியில்
யாரோ ஒரு டிரைவர் கோணல் எழுத்தில்
'வைகுந்தநாதன், ஸ்டோர்ஸ்' என்று எழுதியிருந்தார்.
நானும் அதையே எழுதினேன்.
மூன்று வருஷத்தில் அடிக்காத காப்பி.
நன்னடத்தை ஃபைலுக்குள் பத்திரமாக இருந்தது.

'சார், தேவகின்னு ஒரு பொண்ணு.'
தேவகிருபை என்பதில் பாதியே
இன்டர்காமுக்குப் போதுமாயிருந்தது.

வைகுந்தநாதன் வந்தார், கையில் கடித்த சமோசா.
'என்னை எப்படிம்மா தெரியும்?'
'நோட்டுல பார்த்தேன் சார்.'
சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார்.
சமோசாவைத் தின்று முடிக்கும்வரை
ஒன்றும் பேசவில்லை.
'பிரஷர் கேஜ் எண்ண வருமா?'

எண்ணினேன்.
நாலங்குல டயல், ஆறங்குல டயல்,
கிளிசரின் ஊற்றியது, ஊற்றாதது,
கண்ணாடி விரிந்து திரும்பி வந்தது.
நான்காம் நாள் காலிப்ரேஷன் ஆள் வரவில்லை.
எடைகளை ஒவ்வொன்றாய் நான்தான் ஏற்றினேன்.
முள் ஏறியது, நடுங்கியது,
நடுங்கிக்கொண்டே நின்றது.
பாடப்புத்தகப் படத்தில்
அது நடுங்கியதே இல்லை.

சம்பளம் கிடையாது. இரண்டு டீ.
கழுத்தில் 'விசிட்டர் 09'.
தினமும் காலையில் அதே நோட்டு.
பேர் என்ற கட்டத்தில் செக்யூரிட்டியே எழுதிவிடுவார்: தேவகி.
இரண்டு முறை திருத்தினேன்.
மூன்றாம் முறை ரயில் தாமதம்.

பதினொன்றாம் நாள் மதியம் இன்டர்காம்:
'தேவகி மேடத்தைப் பார்க்க ஆள்.'

கேட்டில் ஒரு பையன். பிளாஸ்டிக் ஃபைல்.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
அவசரத்தில் கட்டம் மாறி,
வந்தவள் பேரை எடுத்து
பார்க்கப்பட வேண்டியவர் இடத்தில் போட்டிருந்தான்.
'மேடம், பதினைந்து நாள் போதும் மேடம்.'

தின்று முடிக்க
என் கையில் சமோசாகூட இல்லை.
கழுத்து அட்டையைத் திருப்பிக்கொண்டேன்.

'பேர் என்ன?'
'இளம்பரிதி மேடம்.'
நோட்டில் 'இளம்' வரை வந்து
செக்யூரிட்டியின் பேனா நின்றிருந்தது.
'முழுசா எழுதச் சொல்லு' என்றேன்,
'சர்டிஃபிகேட்ல அதுதான் வரும்.'

ஸ்டோர்ஸ் பக்கம் நடந்தேன்.
பின்னாலேயே செருப்புச் சத்தம்.
யாரும் நிறுத்தவில்லை.