தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது

நெடுஞ்சாலைப் பலகையில் மக்கள்தொகை அறுபத்தொன்று.
நேற்றிரவு தூக்கம் வராமல் வீடு வீடாக எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு,
ரெஜைனா ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஸ்வெர்ரேயையும் சேர்த்து.
பலகையை மாற்றலாமா என்பது
ஒவ்வொரு மார்ச்சிலும் கூட்டத்துக்கு வரும்.
மாற்றினால் யாரை அடிப்பாய் என்று
யாராவது கேட்பார்கள்.
செயலாளர் நான் எழுதுவேன்:
ஒத்திவைக்கப்பட்டது.

கெல்ட்ரம் யார் பெயர் என்று ஒருவருக்கும் தெரியாது.
ரயில் கம்பெனி குமாஸ்தா
எட்டு மைலுக்கொரு புள்ளி வைத்துக்கொண்டே போனான்,
ஆங்கில அகரவரிசையில்.
ஜே முடிந்து கே வந்த இடம் நாங்கள்.

முதல் குறிப்பேட்டின் இரண்டாம் பக்கத்தில்
பாதி வரி இருக்கிறது:
'கிரீ மக்கள் இவ்விடத்தை அழைப்பது'
அதற்குப் பிறகு வெள்ளைத்தாள்.
காதில் விழுந்ததை எழுத்தில் பிடிக்கத் தெரியாமல்
பேனாவை எடுத்திருக்கிறான்.
போன கோடையில் மார்லின் ஒயிட்காஃப்
நில வழக்குக்காகப் பழைய ஏடுகளைப் புரட்ட வந்தாள்.
பக்கத்தைக் காட்டி, நீயே நிரப்பேன் என்றேன்.
நீண்ட நேரம் பார்த்தாள்.
எங்களுக்குத் தெரியும், உங்கள் ஏட்டில் எதற்கு
என்று மூடிக் கொடுத்தாள்.

தண்டவாளம் இரண்டு மைல் தெற்கே விலகிப் போய்விட்டது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ஜனவரி.
ஊர் தானே எழுந்து நடந்தது:
வீட்டுக்கடியில் மரக்கட்டை,
கட்டைக்கடியில் பனி,
முன்னால் இருபத்திரண்டு குதிரை.
பராஸ்கா ஹ்ரின்கிவ் மட்டும் இறங்க மறுத்தாள்.
மாவு பொங்கிவிட்டது, அடுப்பை அணைக்க மாட்டேன்.
புகைபோக்கி புகைய
வெட்டவெளியில் ஒரு வீடு போய்க்கொண்டிருந்தது.
பழைய ஊரில் அடுப்பேறிய ரொட்டி
புதிய ஊரில் வெந்திறங்கியது.
பாதி வழியில் குதிரைக்காரன் இங்வால்ட்
குளிர் தாங்காமல் கதவைத் தட்டினானாம்,
நகரும் வாசற்படியில்
பூட்ஸைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனானாம்.
குறிப்பேடு சொல்வது ஒரே வரி:
ஹ்ரின்கிவ் வீடு வந்து சேர்ந்தது, சேதமில்லை.

நாங்கள் அப்படித்தான். அதிகம் எழுத மாட்டோம்.

அதில் ஒரு கேடும் உண்டு.
சார்லியின் காபிக் கடையில் முப்பத்தொரு வருஷம்
ஊரே உட்கார்ந்து மழையைத் திட்டியது.
அவர் பெயர் சார்லி இல்லை என்பது
கல்லறைக்கல் வந்து இறங்கிய அன்று தெரிந்தது.
மா விங் ஸூய்.
ஏட்டைத் தேடினேன்:
சார்லி, கடை வரி, எட்டு டாலர்;
சார்லி, கடை வரி, எட்டு டாலர்;
முப்பத்தொரு முறை, நல்ல கையெழுத்தில்.
ஒருவராவது கேட்டிருக்கலாம்.
என் அப்பா தினமும் போனவர்.

தானியக் கோபுரத்தை இடித்த நாள்
மடக்கு நாற்காலிகளோடு வந்து வரிசையாக உட்கார்ந்தோம்,
ஹாக்கி பார்ப்பதுபோல.
விழுந்ததும் யாரோ கை தட்டி, பாதியில் நிறுத்தினார்கள்.
புறாக்கள் மட்டும் விஷயம் தெரியாமல்
கூரை இருந்த உயரத்தில்
இருட்டும்வரை இறங்க இடம் தேடின.
அன்றைக்கும் கோதுமை விலை பற்றித்தான் பேசினோம்.

வேலித்தகராறில் பத்தொன்பது வருஷம் பேசாத
டிமிட்ரோவும் மச்சான் கார்லும்
இன்னும் பேசுவதில்லை.
புயல் அடித்த காலைகளில்
ஒருவன் டிராக்டர் மற்றவன் வாசல்வரை வந்து
பனியை அள்ளிவிட்டுத் திரும்பும்,
விளக்கைக்கூட அணைக்காமல், முறைத்தபடி.

இப்போது பெட்ரோல் பங்கை நடத்துகிறவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள்.
மரிசெல்லுக்கு ஏப்ரலில் பிரசவம்.
முப்பத்தொன்பது என்று பென்சிலில் எழுதி வைத்தேன்.
வந்த முதல் நாளே அவள் முழுப்பெயரையும்
எழுத்துக் கூட்டிக் கேட்டேன்;
கொஞ்சம் பயந்துபோனாள்.

இன்று காலை மைனஸ் முப்பத்தாறு.
வடகாற்று பலகையில் பனியை அப்பியிருந்தது.
ஆறு மறைந்து ஒன்று மட்டும் தெரிந்தது.
சுரண்டிக்கொண்டிருந்தேன்.
லாரிக்காரன் ஒருவன் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி,
அந்த ஒருவர் நீங்கள்தானா என்றான்.

ஆமாம் என்றேன்.
காபி இருக்கிறது, வா என்றேன்.
பெயர் என்ன?